சாவுக் கணக்கு

தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் கணக்கு என்று சொன்னால் அவனுக்கு நெல் கணக்குத்தான் ஞாபகம் வரும். மாவுக்கு எத்தனை கலம், கண்டுமுதலில் ஆளுக்கு எவ்வளவு, கோயிலுக்கு எவ்வளவு, கடன்காரனுக்கு எவ்வளவு என்று விரலை மடக்க ஆரம்பித்துவிடுவான். நான் பிறந்த வீட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. கூடத்து அலமாரியில், பஞ்சாங்கத்துக்கும் மைக்கூட்டுக்கும் நடுவில், கறுப்பு அட்டை போட்ட நீளமான புஸ்தகம் ஒன்று. குழந்தைகள் அதைத் தொடக்கூடாது. ஊரில் செத்துப்போனவர்கள் எல்லாரும் அதற்குள் இருக்கிறார்கள் என்று அத்தை சொல்லி வைத்திருந்தாள். அதனால் ராத்திரி கூடத்தைக் கடக்கும்போது அந்த அலமாரிப் பக்கம் பாராமல் ஒரே ஓட்டமாக ஓடுவேன்.

என் தாத்தா அந்த ஊருக்குப் பட்டாமணியம். கிராம முன்சீப் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதுவார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. நிலக் கணக்கெல்லாம் கர்ணத்துக்குச் சொந்தம். கிஸ்தி வசூலும், சில்லறை வழக்கும், ஜனன மரணக் கணக்கும் பட்டாமணியத்தைச் சேர்ந்தவை. ஊரில் ஓர் உயிர் போனால் தலையாரி வந்து வாசல் திண்ணையோரம் நின்று சொல்லுவான். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், வயசு, ஜாதி, தொழில், செத்த தேதி எல்லாம் வரிசையாக எழுதுவார். கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: காரணம். அங்கே வந்ததும் பேனா கொஞ்சம் நிற்கும்.

"என்னடா எழுதறது?"

"காச்சலுங்க, எசமான்."

காய்ச்சல் என்று எழுதிவிட்டுத் தாத்தா புஸ்தகத்தை மூடுவார். அரை நிமிஷ வேலை. மாசக் கடைசியில் இந்தப் பக்கங்களிலிருந்து ஒரு தாள் தயாராகித் தாலுகா ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து ஜில்லாவுக்கு, ஜில்லாவிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டில்லிக்கு. காவிரி கல்லணையில் கிளை பிரிந்து பிரிந்து வாய்க்காலாகி வயலுக்கு வருகிறதல்லவா? சாவுக் கணக்கு அதற்கு எதிர்த் திசையில் ஓடும். வாய்க்காலில் தொடங்கி மகாநதியாகப் போய்ச் சேரும். திண்ணையில் 'காய்ச்சல்' என்று எழுதினது கடைசியில் 'இந்தியாவில் ஆயிரத்துக்கு இத்தனை பேர்' என்று அச்சாகிவிடும்.

பிற்காலத்தில், ஒரு நாவலுக்காகப் பழைய சுகாதார அறிக்கைகளைப் புரட்டினபோதுதான் இது எனக்கு உறைத்தது. பளபளவென்று கட்டம் போட்ட அட்டவணைகள். தசமபுள்ளிக்கு அப்பாலும் எண்கள். அந்த எண்களுக்கு அடியில் மூக்குப்பொடி வாசனையோடு என் தாத்தா உட்கார்ந்திருப்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

*

சாவை எண்ணுகிற வழக்கம் நம் நாட்டில் எப்படி வந்தது என்று பார்த்தால், அதை வரவழைத்ததில் வாந்திபேதிக்குப் பெரும் பங்கு உண்டு. 1817-இல் வங்காளத்து ஜெஸ்ஸூரில் அது பெருவாரியாகக் கிளம்பியது. அடுத்த வருஷமே சென்னை ராஜதானிக்குள் வந்துவிட்டது. அப்போது தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் இருந்தார். தன்வந்திரி மஹால் வைத்து வைத்தியம் பார்க்கச் செய்தவர். கண்நோய்க்காரர்களின் விவரங்களைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தவர். அந்தச் சுவடுகள் சரஸ்வதி மஹாலில் இன்றும் இருக்கின்றன. ஒரு நோயாளியைப் பற்றி எழுதி வைக்கும் புத்தி நம் ஊருக்குப் புதிது அல்ல என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் ஊர் முழுவதையும், நாடு முழுவதையும் எண்ணுவது வேறு வித்தை.

கும்பினியார் அதை முதலில் தங்கள் பட்டாளத்துக்காகவே கற்றுக்கொண்டார்கள். சண்டையில் சாகும் சிப்பாயைவிட நோயில் சாகும் சிப்பாய் அதிகம் என்பது 1857-க்குப் பிறகு அவர்களுக்கு நன்றாக விளங்கியது. 1863-இல் ராயல் கமிஷன் ஒன்று அறிக்கை கொடுத்தது. அதற்குப் பின்னால் நின்று எண்களை வைத்து வாதாடியவள் ப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். விளக்கேந்திய அம்மாளாகவே அவளை நமக்குத் தெரியும். விளக்கைவிட அட்டவணைகளைத்தான் அவள் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். 1864-இல் சென்னையில் சுகாதாரக் கமிஷன் வந்தது. அதன் தொடர்ச்சியாகக் கிராமங்களில் சாவை எழுதும் வேலையும் வந்தது. 1871-இல் ஜனத்தொகைக் கணக்கும் எடுத்தார்கள். இதுவும் முக்கியம். பத்துப் பேர் செத்தார்கள் என்றால் அது அதிகமா, குறைவா? நூறு பேர் உள்ள ஊரிலா, பதினாயிரம் பேர் உள்ள ஊரிலா என்று தெரிந்தால்தானே சொல்ல முடியும்? இரண்டு கணக்கும் கைக்கு வந்த பிறகுதான் 'ஆயிரத்துக்கு இவ்வளவு' என்ற பேச்சே பிறந்தது.

அந்தப் பேச்சுக்குச் சோதனை சீக்கிரமே வந்துவிட்டது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலை செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியத்துக்கான கூலி போதும் என்று ஸர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் உத்தரவு போட்டார். சென்னைச் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், போதாது என்று சண்டை பிடித்தார். சண்டைக்கு அவர் எடுத்த ஆயுதம் சாவுக் கணக்கு. முகாம்களில் ஆயிரத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்று வாரா வாரம் எடுத்துக் காட்டினார். அந்த மே மாசத்தில் கூலி உயர்ந்தது. ஆனாலும் 1877-இல் சென்னை ராஜதானியில் வாந்திபேதிக்கு மட்டும் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் எழுதப்பட்டார்கள். எழுதப்பட்டவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பஞ்சம் பிழைக்கப் புறப்பட்டு வழியில் விழுந்தவனுக்கு எந்த ஊர்ப் பட்டாமணியம் புஸ்தகத்தைத் திறப்பார்?

இன்னொரு சின்ன விஷயம். 1889 டிசம்பரில் கும்பகோணத்துச் சிறுவன் ஒருவனுக்கு வைசூரி போட்டது. அந்தக் கெட்ட வருஷத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் சுமார் 4,000 பேரை வைசூரி கொண்டுபோனது. அந்தப் பையன் தழும்போடு பிழைத்தான். பெயர் ராமானுஜன். உலகமே வியந்த கணித மேதை அவர் என்பது ஊரறிந்தது. அந்த 4,000-த்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

*

எண்களைச் சேர்த்துக்கொண்டே போனால் ஒருநாள் அவை பேச ஆரம்பிக்கும் என்று நம்பினவர்களில் ஒருவர் டாக்டர் ரஸ்ஸல். 1920-களில் சென்னையில் பொதுச் சுகாதார டைரக்டராக இருந்தவர். கிராமத்துத் திண்ணைகளிலிருந்து வந்து ஆபீஸ்களில் குவிந்து கிடந்த வாந்திபேதிக் கணக்குகளை வருஷவாரியாக, ஜில்லாவாரியாக அவர் அடுக்கிப் பார்த்தார். மேடு பள்ளமாகக் கோடு வந்தது. ஏறக்குறைய ஆறு வருஷத்துக்கு ஒரு தரம் மேடு வருகிறது என்று கண்டு, 1925-இல் அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் எழுதினார். பிறகு சுந்தரராஜன் என்ற கணக்கு நிபுணரோடு சேர்ந்து இந்தியா முழுவதற்குமே அந்த ஆராய்ச்சியை விரித்தார்.

அதிலும், அதற்குப் பின் 1951-இல் ஸ்வரூப் என்பவர் செய்த ஆராய்ச்சியிலும், நம் ஜில்லாவுக்கு ஓர் இடம் கிடைத்தது. பெருமைப்படும் இடம் அல்ல. சில பிரதேசங்களுக்கு வாந்திபேதி விருந்தாளியாக வரும், போகும். சில இடங்களில் அது வீட்டுக்காரனாகவே குடியிருக்கும். கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி என்று அந்த வீடுகளைப் பட்டியல் போட்டார்கள். எல்லாம் ஆறு கடலோடு சேருகிற சமவெளி. எல்லாம் நெல் விளைகிற பூமி. எல்லாம் நாம் புண்ணிய தீர்த்தம் என்று பாடுகிற தண்ணீர்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. எங்கள் ஊரில் எந்தத் திசையில் பத்தடி நடந்தாலும் ஒரு வாய்க்கால் குறுக்கிடும். குளிப்பது, துவைப்பது, மாடு கழுவுவது, கால் கழுவுவது, குடத்தில் மொண்டு வருவது எல்லாம் ஒரே தண்ணீரில். மேலூர்க்காரன் கழுவினது கீழூர்க்காரனுக்குக் குடிதண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்து தெருவும் கொல்லையும் குளமும் ஒன்றாகக் கலக்கும். மார்கழி தையில் அறுவடைக்காக ஆள் ஊருக்கு ஊர் போகும். திருவிழாக்களும் அந்தச் சமயத்தில்தான். 1861-இலேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் போட்டாகிவிட்டது. நோயும் டிக்கெட் வாங்காமல் ஏறிக்கொண்டது. 1884-இல் கல்கத்தாவில் கோக் என்ற ஜெர்மானியர் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டு காட்டினார். அந்தக் குளத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கீழக் குளந்தான் எனக்குத் தெரியும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள், மண்டபம் முகாமில் காத்திருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள், இவர்களில் பலர் இந்த ஜில்லாக்காரர்களும் அண்டை ஜில்லாக்காரர்களுந்தான். ஆகவே நம் சாவுக் கணக்கு கடல் தாண்டியவர்களுக்கும் வேண்டியிருந்தது. 1925-இல் சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஓர் ஆபீஸ் திறந்து, கிழக்குத் துறைமுகங்களில் எங்கே வாந்திபேதி, எங்கே பிளேக் என்று வாராவாரம் தந்தியில் வாங்கி ரேடியோவில் சொல்ல ஆரம்பித்தது. திண்ணையில் தலையாரி சொன்னது அவ்வளவு தூரம் போயிற்று.

*

இனி என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இல்லை. ஊர்ப் பெயரையும் நான் சொல்லவில்லை.

1950-களின் ஆரம்பம். எனக்கு ஏழு வயசு. மார்கழி மாசம் பாதி போயிருக்கும். தையில் சின்ன அத்தைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மாயவரம் பக்கம், பெரிய இடம். இரண்டு தரம் தட்டிப்போய் மூன்றாவது தரமாக நிச்சயமான கல்யாணம். விடியற்காலையில் பஜனை போய்க்கொண்டிருந்தது. வாசலில் பூசணிப் பூ. நான் போர்வையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தலையாரி வந்தான்.

"கீழச் சேரியிலே ஒண்ணுங்க. பொம்பளை."

"என்ன உடம்பு?"

"ராத்திரி போக ஆரம்பிச்சுதுங்க. வாந்தியும் இருந்துது. கோழி கூவறத்துக்குள்ளே அடங்கிட்டுது."

தாத்தா பேனாவை எடுத்தார். வெகு நேரம் எழுதவில்லை. காலரா என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பட்டாமணியம் அன்றைக்கே தாலுகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வருவார். குளத்துக்கும் கிணற்றுக்கும் பிளீச்சிங் பவுடர். ஊர் முழுவதற்கும் ஊசி. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. 'அந்த ஊரில் பேதி' என்ற பேச்சு மாயவரம் வரைக்கும் போகும்.

"வாந்தியை எதுக்கு எழுதணும்? பேதின்னாப் போதும்" என்றார் தாத்தா. யாருக்குச் சொன்னாரோ தெரியாது. தலையாரி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

மாசத் தாளில் வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் சேர்த்து ஒரு தலைப்பு உண்டு. காலராவுக்குத் தனித் தலைப்பு. எழுத்தை ஒரு கட்டம் நகர்த்தினார், அவ்வளவுதான். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பேதி என்பது பேதிதானே? அடுத்த பத்து நாளில் அதே சேரியில் இன்னும் இரண்டு பேர். அவர்களும் அதே கட்டத்துக்குப் போனார்கள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கொட்டகை போட்டு மூன்று நாள் சமையல். கிணற்றுத் தண்ணீர் போதாமல் கீழக் குளத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்தார்கள். சம்பந்திகள் புறப்பட்டுப் போன மறுநாள், பெரியப்பாவின் பெண்ணுக்கு உடம்புக்கு வந்தது. என்னைவிட ஒரு வயசு சின்னவள். முதல் நாள் மத்தியானம் என்னோடு கொட்டகைக் காலைச் சுற்றி விளையாடினவள். மாலைக்குள் கண் குழிந்து போயிற்று. விரல் நுனிகள் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினவை போலச் சுருங்கிவிட்டன. "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தார்கள். பெரியம்மா எழுந்து கூடத்துக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். விடியும்போது குரல் நின்றது.

தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும் என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1971-இல் வங்கதேச யுத்தத்தின்போது பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், ஊசிமூலம் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனதால், உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் குறைவாயிற்று. எங்கள் வீட்டில் அன்று உப்பு இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கின சர்க்கரை மூட்டையாக இருந்தது.

குழந்தையை எடுத்துக்கொண்டு போய் வந்தபின் தாத்தா யாரோடும் பேசவில்லை. ஸ்நானம் செய்துவிட்டு ஈரத் துண்டோடு அலமாரியைத் திறந்தார். தலையாரி வரவில்லை, அவரே சொல்லி அவரே எழுத வேண்டியிருந்தது. பெயர், தகப்பன் பெயர், வயசு ஆறு. காரணம் என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'காலரா' என்று எழுதினார். அந்த வருஷத்தில் எங்கள் ஊரின் முதல் காலராச் சாவு அதுதான், சர்க்கார் கணக்குப்படி.

அன்று சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, "முதல் கேஸ் எப்போ ஐயா?" என்று கேட்டார்.

"இருபத்துமூணு நாளாச்சு" என்றார் தாத்தா.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் குனிந்து எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாத்தாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஊர் அடங்குவதற்குள் இன்னும் எட்டுப் பேர் போனார்கள். அதில் ஆறு பேர் சேரி ஜனங்கள்.

முதலில் போன அந்த மூன்று பேரின் கட்டத்தைத் தாத்தா திருத்த நினைத்தாரோ என்னவோ. திருத்தவில்லை. முதல் மாசத் தாள் ஏற்கனவே மேலே போய்விட்டது. ஆகவே சென்னையில் அச்சான அட்டவணையில் அந்த மூன்று பேரும் சீதபேதியிலேயே செத்தவர்கள்.

*

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பழைய அறிக்கைகளைப் படிக்கும் கண்ணே மாறிவிட்டது. ரஸ்ஸல் போட்ட கோட்டின் மேடும் பள்ளமும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கான திண்ணைகளின் தவறுகள் ஓரளவு ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். மேடு மேடாகத்தான் தெரியும். 1900-ஆம் ஆண்டில் இந்தியாவில் எட்டு லட்சத்தை ஒட்டிய வாந்திபேதிச் சாவுகள் பதிவாயின என்றால், அது பயங்கர வருஷம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எட்டு லட்சம் என்பது எழுத மனசு வந்த எட்டு லட்சம்.

அந்தப் புஸ்தகத்தில் மிகப் பெரிய கட்டம் காய்ச்சல்தான். அதைச் சமுத்திரம் என்றே சொல்லலாம். மலேரியா, டைபாய்டு, பிரசவித்தவளின் ஜன்னி, பெயர் தெரியாத எல்லாம் அதில் வந்து விழும். 1918-இல் உலகத்தை உலுக்கிய விஷ ஜுரம் வந்தபோது அதுவும் இந்தக் கட்டத்திலேயே பெரும்பாலும் கரைந்தது. எழுத வேண்டியவர்களே படுத்துவிட்டார்கள். 1921-இல் தலை எண்ணிப் பார்த்தபோதுதான், பத்து வருஷத்தில் நாட்டின் ஜனத்தொகை ஏறுவதற்குப் பதிலாகச் சிறிது இறங்கியிருப்பது தெரிந்தது. சாவுக் கணக்கு மறைத்ததை உயிர்க் கணக்கு காட்டிக்கொடுத்தது.

காயங்களுக்கும் விபத்துகளுக்கும் ஒரு தலைப்பு உண்டு. பாம்புக் கடி, வெறிநாய்க் கடி, நீரில் மூழ்கியது, மரத்திலிருந்து விழுந்தது, தற்கொலை. நோயில் சாவதைவிட இதில் மறைக்க ஒன்றுமில்லை என்று நினைக்கலாம். அப்படியும் இல்லை. கிணற்றில் விழுந்த இளம்பெண்ணை 'தவறி விழுந்தது' என்று எழுதாத ஊர் ஏது? போலீசும் பிரேத விசாரணையும் யாருக்கு வேண்டும்? பாம்புக் கடியோ இன்னும் விநோதம். வரப்பில் கடிபட்டவனை மந்திரிப்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவன் வரமாட்டான். 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தியாவில் வருஷத்துக்குச் சுமார் 46,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்று கண்டது. சர்க்கார் ஆஸ்பத்திரிகள் காட்டிய எண்ணைப் போல முப்பது மடங்குக்கு மேல்! எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. நாடெங்கும் பொறுக்கி எடுத்த ஊர்களில், சாவு நடந்த வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து, "எப்படிப் போனார்? முதலில் என்ன வந்தது? எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

இப்படி நேரில் போய்ப் பார்த்த ஒரு கதை நம் ஜில்லாவிலேயே உண்டு. 1934-இல் மேட்டூர் அணை திறந்தது. கல்லணைக் கால்வாய், நாங்கள் சொல்லும் புது ஆறு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம்பார்த்த பூமிக்கு முதல் முதலாகக் காவிரியைக் கொண்டுபோயிற்று. தண்ணீரோடு மலேரியாவும் வந்தது. ஆண்டாண்டாக நெல் விளைந்த பழைய டெல்டாவில் இல்லாத தொல்லை அங்கே மட்டும் ஏன்? ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் டாக்டர் பால் ரஸ்ஸல் (முன்னே சொன்னவர் வேறு, இவர் வேறு) பட்டுக்கோட்டையில் வந்து தங்கி ஆராய்ந்தார். 'காய்ச்சல்' என்ற கட்டத்தை நம்பி இதைத் தீர்க்க முடியாது. அதனால் ஊர் ஊராகக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, இடது விலாவுக்குக் கீழே கையால் தடவிப் பார்த்தார்கள். மலேரியா அடிக்கடி வந்தால் மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டும். நூறு குழந்தையில் எத்தனை பேருக்கு என்பதே அந்த ஊரின் மலேரியாக் கணக்கு. வயிற்றைத் தொட்டு எடுத்த கணக்குக்குத் திண்ணையின் தயவு வேண்டாம்.

கொசு எங்கே பிறக்கிறது என்றும் தேடினார்கள். சவுக்கங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வெட்டின குழிகளில் இருந்தது. புதிதாக நட்ட வயலில் இருந்தது. ஆனால் பயிர் ஓரடி உயரம் வந்ததும் அந்த வயலில் கொசு முட்டையிடுவதை விட்டுவிட்டது. தாள்கள் அடர்ந்து அதற்கு இடைஞ்சல் செய்தன. காரணம் கட்டத்தில் ஒரு வார்த்தை எழுதுவதற்கும், காரணத்தைத் தேடிக்கொண்டு வயலில் இறங்குவதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது.

*

மறைப்பவனைத் தண்டித்து உண்மையை வாங்க முடியுமா? 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டம் முதலில் செய்தது நாம்தான். தொற்று நோயைத் தெரிவிக்காவிட்டால் குற்றம் என்று அதில் இருக்கிறது. தாத்தாவுக்கும் அது தெரியும். வைசூரியை ஒழித்தபோது இன்னொரு யுக்தி செய்தார்கள். தெரிவிப்பவனுக்குப் பணம். 1975-இல் ஒரு வைசூரி கேஸைக் காட்டினால் ஆயிரம் ரூபாய் பரிசு என்று ஊர் ஊராக எழுதி ஒட்டினார்கள். அந்த மே மாசத்துக்குப் பிறகு யாராலும் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. காட்ட ஆசைப்பட்டும் கிடைக்காத பிறகுதான், இல்லை என்ற வார்த்தைக்கு மதிப்பு வந்தது. அதற்கு முன்னால் 'இல்லை' என்று எழுதின லட்சம் தாள்களுக்கு அந்த மதிப்பு கிடையாது.

2004 டிசம்பர் 26. நாகப்பட்டினக் கடற்கரையில் சுனாமி. அந்த ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இனி வாந்திபேதி வந்து மிச்சத்தையும் வாரிக்கொண்டு போகும் என்றே எல்லாரும் பயந்தார்கள். பழைய நினைவு உள்ள என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கிற்று. முகாம் முகாமாக இன்று எத்தனை பேருக்குப் பேதி, எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அன்றன்றே கேட்டு எழுதினார்கள். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. காவிரிக் கடைமடையில், வாந்திபேதியின் பழைய வீட்டு வாசலிலேயே, அது உள்ளே வராமல் நின்றது. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 113 முதல் வயசு முடிவதற்குள் இறந்தன; 2020-இல் அது 13. நூறு குழந்தைகள் என்பது ஒரு பள்ளிக்கூடம் அளவு. இந்த மாதிரி எண்ணைப் படிக்கும்போது நான் கொஞ்ச நேரம் பத்திரிகையை மடக்கி வைத்துவிடுவேன்.

ஆனாலும் வாந்திபேதி செத்துப்போய்விடவில்லை. 1992-இல் சென்னையில்தான் அதன் புது வகை ஒன்று முதலில் தென்பட்டது. நோய்க்கும் கணக்குப்பிள்ளைக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயம் முடிகிறதில்லை.

*

பட்டாமணியம், கர்ணம் பதவிகளை 1980-இல் சர்க்கார் எடுத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தாத்தா அதற்கு வெகு காலம் முன்பே போய்விட்டார். அவர் உத்தியோகத்தில் இருந்த கடைசிப் பத்து வருஷத்தில் செய்த ஒரு காரியத்தைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அந்த மார்கழிக்குப் பிறகு, தலையாரி வந்து சாவு சொன்னால் தாத்தா திண்ணையிலேயே எழுதுவதில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்குவார். சாவு வீட்டுக்குப் போய், ஓரமாக நின்று, அழுகை ஓய்ந்த ஒரு பெரியவரைக் கூப்பிட்டு, "முதல்லே என்ன வந்தது? வாந்தி உண்டா? எத்தனை நாள்?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதுவார். சேரிச் சாவானால் சேரி முனைப் புளியமரம் வரைக்கும் போவார். அதைத் தாண்டி உள்ளே போனார் என்று சொல்ல எனக்கு ஆசை. போகவில்லை. மரத்தடியில் நின்றுகொண்டு, உள்ளேயிருந்து யாரையாவது வரச்சொல்லிக் கேட்பார். அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது. ஆனால் அதற்கு முன் எங்கள் வம்சத்தில் எந்தப் பட்டாமணியமும் அந்தப் புளியமரம் வரைக்கும் போனதில்லை.

ஒரு தரம் என்னையும் கூட அழைத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது, "ஏன் தாத்தா, தலையாரி சொன்னதையேதானே இவங்களும் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஆமாண்டா" என்றார். வாய்க்கால் பாலத்தில் ஏறும்வரை பேசவில்லை. பிறகு, "எழுதறவன் ஒரு தடவையாவது போய் நிக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கால் அலம்பிக்கொண்டு, கறுப்புப் புஸ்தகத்தைத் திறந்து, காரணம் என்ற கட்டத்தில் எழுதினார். அன்றைக்கு அது காய்ச்சல்தான்.